குரல் நின்றால்

காலை ஏழரை மணிக்கு, இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்த கொக்கி, தலையை நிமிர்த்தாமலேயே அந்தச் சேதியைச் சொன்னான்.

"அண்ணன் புதுத் துறைமுகத்துக்குப் போறாராமே அக்கா. ரெண்டு வருஷமாம். நீங்களும் கூடப் போறீங்களா?"

சிக்னலக்கா ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். கை தாடைக்குக் கீழேயே நின்றுவிட்டது. கட்டினவன் ஊரை விட்டுப் போகிற சேதி, இருவரும் வேலை பார்க்கும் யார்டு முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் கட்டினவள் காதுக்கு வந்து சேர்கிறது. இதைவிடத் தலைகுனிவு வேறென்ன வேண்டும்?

"இன்னும் முடிவாகல," என்றாள், எல்லாம் தெரிந்தவள் போல.

"முடிவாகலையா? நேத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரே. தாள் சூப்பர்வைசர் மேஜைல இருக்கு. இன்னைக்கு ரெண்டு மணி வேன்ல தலைமை ஆபீஸ் போகுது. போயிடுச்சுன்னா அவ்வளவுதான். போன வருஷம் வெல்டர் மனசு மாறி நாயா அலைஞ்சும் ஒண்ணும் நடக்கலையே."

கொக்கிக்கு வயது நாற்பது. பாரங்களுக்குக் கொக்கி மாட்டுவது அவன் வேலை, அதனால் அதுவே பெயரும் ஆகிவிட்டது. கெட்டவன் இல்லை, வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. அந்த யார்டில் சொந்தப் பெயரோடு உலாவுகிறவர்கள் குறைவு. முப்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்திருக்கும் அவள் வீட்டுக்காரருக்கு உச்சி என்று பெயர். கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவருக்கு வழி சொல்லும் அவளுக்குச் சிக்னலக்கா. இருபது வருடமாக அவர் மேலே, அவள் கீழே. நடுவில் காற்றும் ஒரு குரலும்.

அந்தக் குரலுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சுவருக்குப் பின்னாலோ பள்ளத்துக்குள்ளோ, கிரேன்காரர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பாரம் இறங்கும்போது அவருக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். கீழே இருப்பவர் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கு, இறக்கு, இறக்கு, மெதுவா, மெதுவா என்று குரல் ஓட ஓடத்தான் மேலே கை ஓடும். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். ஏன் நின்றது என்று அவராக ஊகித்து ஒரு அங்குலம்கூட அசைக்கக் கூடாது. மறுபடி குரல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊகித்து அசைத்தவர்களால் கைகால் போனவர்கள் உண்டு.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 'நிறுத்து' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கூட்டிப் பெருக்குகிறவர் சொன்னாலும் சரி, மேனேஜர் சொன்னாலும் சரி, வாக்கி-டாக்கியில் அந்தச் சொல் மூன்று தடவை வந்தால் வாசல் கேட் மூடும், கிரேன், லாரி, சகலமும் நின்ற இடத்தில் நிற்கும். காரணத்தைப் பிறகு எழுதிக் கொடுத்தால் போதும். இருபது வருடத்தில் சிக்னலக்கா அந்தச் சொல்லை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது என்று நான் சொல்வேன், ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

*

அவள் பிறவிப் பேச்சுக்காரி. காய்கறி நறுக்கினால் கத்தரிக்காயோடு பேசுவாள், துணி துவைத்தால் சட்டைக் காலரோடு சண்டை போடுவாள். படுக்கையிலும் அந்த வாய் ஓய்ந்ததில்லை. மகள் படித்துக்கொண்டிருந்த அறைக்கும் இவர்கள் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஆகவே எல்லாம் குசுகுசுப்பாகவே நடக்கும். இருங்க, முழங்கை குத்துது, ம், இப்படி, சிரிக்காதீங்க அவ முழிச்சுக்குவா, என்று அவர் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பாள். அவரோ மொத்தமாக நாலு வார்த்தை பேசுகிற மனிதர். "வேலைலயும் சிக்னல், வீட்லயும் சிக்னலா," என்று அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பார். இருபத்தேழு வருடக் கல்யாணத்தில் பாதிச் சண்டைகள் அந்த அறையில்தான் முடிந்தன.

பிறகு மகள் வேலை கிடைத்து வேறு ஊர் போனாள். வீடு காலியாயிற்று. இனி குசுகுசுக்க வேண்டியதில்லை என்று இருவருமே உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட நேரம் பார்த்து அவளுக்கு மாதவிலக்கு நின்றது.

நின்றது மட்டுமென்றால் நிம்மதிதான். ஆனால் அது போகிற போக்கில் வீட்டையே கலைத்துவிட்டுப் போனது. உடம்பு திடீர் திடீரென்று பற்றி எரியும். போர்வையை உதறுவாள், கொஞ்ச நேரத்தில் ஈர ரவிக்கையோடு குளிரில் நடுங்குவாள். காரணமில்லாமல் அழுகை வரும், காரணத்தோடு வருகிற கோபம் இரட்டிப்பாக வரும். இதையெல்லாம்கூடச் சமாளித்தாள். சமாளிக்க முடியாதது வேறொன்று. அவரோடு சேர்ந்தபோது வலித்தது. உப்புத்தாளால் தேய்த்தது போல ஒரு வலி. முதல் தடவை, ஏதோ இன்றைக்கு இப்படி என்று நினைத்தாள். இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்று சொன்னால் அவர் விலகிவிடுவார், விலகினால் அப்படியே பழகிவிடும், பழகிவிட்டால் இந்த வயதில் திரும்ப யார் கூப்பிடுவது? ஆகவே மூச்சுக்கூட விடாமல் தாங்கினாள்.

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகு பக்கத்தில் சரிந்து, மேற்கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மூன்றாம் தடவையும் இதே கதை. நாலாவது தடவை என்று ஒன்று வரவே இல்லை. ஒரு நாள், "முட்டி வலிக்குது, தரைல படுத்தாதான் சரியா இருக்கு," என்று தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். ஒன்றேகால் வருடமாகிறது. தலையணை திரும்பவே இல்லை.

அவள் கணக்கு எளிமையாக இருந்தது. நான் வற்றிப் போய்விட்டேன், அவருக்கு வேண்டாம் என்றாகிவிட்டது. முட்டி வலிக்கிற மனிதர் தினமும் முப்பது மீட்டர் ஏணி ஏறுகிறாரே என்று கேட்க வாய் துடிக்கும். அடக்கிக்கொள்வாள். ஊருக்கெல்லாம் பேசுகிறவளுக்கு இந்த ஒரு விஷயத்தில் வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சிறுநீர் எரிகிறதென்று ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். அந்தம்மா பரிசோதித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா?"

சிக்னலக்கா மூலையிலிருந்த எடை பார்க்கும் கருவியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

"மாதவிலக்கு நின்னா ஒரு ஹார்மோன் குறையும். அந்த இடத்துத் தோல் மெலிசாகும், காஞ்சு போகும். எரிச்சலும் அதனாலதான். எத்தனையோ பேருக்கு வர்றதுதான், உங்களுக்கு மட்டும் இல்ல."

"அப்ப ஆசை வத்திப் போச்சுன்னு அர்த்தமா டாக்டர்?"

"ஆசை இருக்கா, இல்லையா?"

எடைக் கருவியின் முள்ளை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "இருக்கு."

"அப்புறம் என்ன? தோல் காஞ்சதுக்கும் ஆசை காஞ்சதுக்கும் சம்பந்தமில்ல." டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதினாள். முதல் இரண்டு வாரம் தினமும் படுக்கும்போது, பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், உள்ளே தடவ வேண்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். சேரும்போது தடவிக்கொள்ள வழுவழுப்பான ஜெல் ஒன்று. இடையில் ரத்தம் பட்டால் உடனே வரவேண்டும். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதெல்லாம் பாதி மருந்து. மீதிப் பாதி, அவர்கிட்ட வாய் தொறந்து சொல்றது. எதுக்கும் அவசரப்படாதீங்கன்னு சொல்லுங்க."

களிம்பு தன் வேலையைச் செய்தது. ஆறு வாரத்தில் எரிச்சல் போனது, உடம்பு தன்னுடையதாகத் திரும்பி வந்தது போல இருந்தது. வாய்தான் தன் வேலையைச் செய்யவில்லை. களிம்புக் குழாயும் ஜெல்லும் அவளுடைய ஹெல்மெட் பைக்குள், பழைய கையுறைக்குள் ஒளிந்துகொண்டு தினமும் யார்டுக்கு வந்து போயின. இன்றைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நாளைத் தள்ளினாள். அவள் தள்ளிக்கொண்டே இருக்க, அவர் கையெழுத்தே போட்டுவிட்டார்.

*

பத்து மணி இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பிடித்தாள். முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"புதுத் துறைமுகத்துக்குப் போறீங்களாமே."

அவர் முகத்தில் இன்னொரு கை தண்ணீர் அடித்துக்கொண்டார். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? அங்க போயி கடுதாசி போட்டா?"

"ரெண்டு வருஷம்தானே. அங்க குடும்பத்தோட தங்க இடம் இல்ல. உனக்கு இங்க வேலை இருக்கு." குழாயை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "உனக்கும் நிம்மதியா இருக்கும்."

"எனக்கு என்ன நிம்மதி?"

"இல்ல… நான் இருந்தா உனக்குச் சங்கடம்."

"நான் சொன்னேனா?"

அவர் அவளைப் பார்த்தார். "நீ எங்க சொல்ற," என்றார் மெல்ல.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வேண்டாமென்று விட்டுப் போகிறவர், பழியையும் கூடையில் வைத்து அவள் தலையிலேயே ஏற்றிவிட்டுப் போகிறார். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சங்கு ஊதியது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏணியை நோக்கி நடந்தார்.

*

பதினொரு மணிக்கு அன்றைய பெரிய பாரம். பதினெட்டு டன் மின்மாற்றி. புதுக் கொட்டகையின் பின்புறம், மூன்று பக்கமும் சுவர் எழும்பிய பள்ளத்துக்குள் அதை இறக்க வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் சுவரின் விளிம்பு மட்டுமே தெரியும். கீழே நாலு போல்ட்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் மேல் நாலு துளைகளும் சரியாக உட்கார வேண்டும். பள்ளத்துக்குள் அவளும், பாரத்தின் கயிறுகளைப் பிடித்துத் திருப்பக் கொக்கியும் இன்னொரு ஆளும்.

மின்மாற்றி சுவரைத் தாண்டி வந்து வெளிச்சத்தை மறைத்தது. பள்ளத்துக்குள் காற்றே இல்லை.

"இறக்கு. இறக்கு. இறக்கு. இறக்கு," என்றாள். குரல் எப்போதும்போல் சீராக வந்தது. "மூணு மீட்டர். இறக்கு. இறக்கு. ரெண்டரை. மெதுவா. மெதுவா. ரெண்டு."

அப்போது அது வந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து, காது, தலை என்று ஏறியது. ஹெல்மெட்டுக்குள் அடுப்பு மூட்டியது போலிருந்தது. கண்ணில் வியர்வை இறங்கிப் போல்ட்டுகள் எட்டாகத் தெரிந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மெதுவா என்று சொல்ல வந்தாள், வெறும் மூச்சுதான் வந்தது.

குரல் நின்றது.

பாரமும் நின்றது. பதினெட்டு டன், தரைக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில், துளி ஆட்டமில்லாமல் நின்றது. கொக்கி அதன் ஓரத்தில் கை வைத்தபடி இவளைத் திரும்பிப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் பேச்சில்லை. அவன் காலுக்கும் அந்த இரும்புக்கும் நடுவே இருந்தது மேலே ஒரு மனிதரின் கை மட்டும்தான்.

அவள் சுவரில் சாய்ந்தாள். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"நிறுத்திட்டேன்," என்றது அவர் குரல். அவசரமில்லாத குரல். "நீ சொல்லாம அசைக்க மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கிறேன்."

அந்த வார்த்தைகள் அவளுக்குள் எங்கேயோ போய் இடித்தன. வியர்வை வழிய வழிய அவள் அந்தக் கறுத்த இரும்பையே பார்த்தாள். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். ஏன் என்று ஊகிக்கக் கூடாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிய அந்த இரண்டு தடவையும் அவர் செய்தது இதைத்தானே? வெறுத்து விலகவில்லை. காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று அறுந்தது, மனிதர் நின்றுவிட்டார். நின்று காத்திருந்தார். அவள் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. ஒன்றேகால் வருடமாகக் கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு அந்த மனிதர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அட முட்டாள் மனிதா, என்று நினைத்தாள். அட முட்டாள் பெண்ணே, என்று உடனே திருத்திக்கொண்டாள்.

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். போல்ட்டுகள் நாலாயின. "கேக்குதா?" என்றாள். குரல் உடைந்திருந்தாலும் வந்தது. "இருக்கேன். மெதுவா இறக்கு. மெதுவா. மெதுவா. ஒரு மீட்டர். மெதுவா."

ஏழு நிமிடத்தில் நாலு துளையும் நாலு போல்ட்டில் உட்கார்ந்தன. கொக்கி தரையில் குந்திவிட்டான். "அக்கா, எனக்குக் குலையே நடுங்கிடுச்சு," என்றான். அவள் காதில் அது விழவில்லை. மணி எத்தனை என்று கேட்டாள்.

*

பாரம் கட்டவிழ்த்து, தாளில் கையெழுத்திட்டு, சூப்பர்வைசரிடம் விளக்கம் சொல்லி முடிக்க ஒன்றேகால் ஆகிவிட்டது. மயக்கம் என்று சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "டாக்டரைப் பாருங்கம்மா," என்றார். அவர் மேஜையில், வேனில் போக வேண்டிய பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றைத் தொடக்கூட அவளுக்கு உரிமையில்லை. கையெழுத்துப் போட்டவர்தான் திரும்பக் கேட்க வேண்டும். அவரோ மூன்று மணிவரை கீழே இறங்க மாட்டார். வாக்கி-டாக்கியில் சொல்லலாம், கூடவே யார்டு முழுக்க நாற்பது காது கேட்கும்.

அவள் ஏணியடிக்குப் போனாள்.

இருபது வருடத்தில் அவள் அந்த ஏணியில் ஏறியதில்லை. உயரம் ஆகாது என்பாள், வேலை கீழேதானே என்பாள். இப்போது ஹெல்மெட் பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு முதல் படியைப் பிடித்தாள். இரும்பு வெயிலில் கொதித்தது. பத்துப் படியில் மூச்சு வாங்கியது. முப்பதில் முட்டி முணுமுணுத்தது. முதல் தட்டில் நின்று கீழே பார்த்தபோது ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள்.

"அக்கா, எங்க போறீங்க?" என்று கத்தினான் கொக்கி.

"பரலோகம்," என்று கத்திவிட்டு ஏறினாள்.

இரண்டாவது தட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. இறங்குவது இன்னும் பயங்கரமாகத் தெரிந்ததால் ஏறினாள். பயத்தால் சில நல்ல காரியங்களும் நடக்கத்தான் செய்கின்றன.

கேபின் கதவை அவள் தட்டியபோது உச்சிக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வியர்வையில் குளித்து, முடி கலைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு பெண்டாட்டி நிற்கிறாள். இழுத்து உள்ளே சேர்த்தார். ஒருவர் உட்காரும் இடம் அது. அவர் இருக்கையிலும் அவள் கருவிப் பெட்டியின் மேலும் உட்கார்ந்தபோது முட்டியும் முட்டியும் இடித்துக்கொண்டன. அவ்வளவு பக்கத்தில் அவர்கள் இருந்து வெகுநாளாயிற்று.

அவள் முதல் காரியமாக இரண்டு வாக்கி-டாக்கிகளையும் அணைத்தாள்.

"அணைக்கக் கூடாது," என்றார் அவர்.

"தெரியும். வாய மூடிட்டுக் கேளுங்க." மூச்சு திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், நடுவிலேயே ஆரம்பித்தாள். "எனக்கு வலிச்சுது."

"எங்க? நெஞ்சா?"

"ஐயோ, இப்ப இல்ல. அப்ப. நம்ம… சேரும்போது. மூணு தடவையும் வலிச்சுது. உயிர் போற மாதிரி."

அவர் முகம் வெளிறியது. "ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்களேன்னு பயம்."

"நீ சொல்லாததாலதான் நான் நிறுத்தினேன்," என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கட்டுப்பாட்டுப் பிடியின் மேல் கையை வைத்தார், எடுத்தார். நாலு வார்த்தைக்கு மேல் பேசப் பழகாத மனிதருக்கு அன்று நாற்பது தேவைப்பட்டது.

"நீ பேசிக்கிட்டே இருப்ப. திடீர்னு பேச்சு நின்னுச்சு. உடம்பு கட்டை மாதிரி ஆயிடுச்சு. எனக்கும் முன்ன மாதிரி இல்ல, நேரம் ஆகுது, சில சமயம் ஆகறதே இல்ல. அதப் பாத்து உனக்கு வெறுத்துப் போச்சுன்னு நெனச்சேன். நீ தாங்கிக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன். ஒருத்தி என்னத் தாங்கிக்கிட்டு இருக்கறத என்னால…" கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "அதான் போயிடலாம்னு."

"தாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்கள இல்ல, வலிய." அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பையைத் திறந்து, பழைய கையுறையை உதறினாள். களிம்பும் ஜெல்லும் அவர் மடியில் விழுந்தன. "டாக்டர்கிட்ட போனேன். இப்ப வலி குறைஞ்சிருக்கு. தோல்தான் காஞ்சதாம், நான் காயலையாம். உங்களுக்கும் ஏதாவது இருந்தா அதையும் வந்து காட்டணும், வெக்கப்படாம."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, களிம்பின் கூடவிருந்த துண்டுத்தாளைப் பிரித்தார். கிரேனின் எடை அட்டவணையைப் படிப்பது போலப் புருவத்தைச் சுருக்கி, விரலை ஓட்டி, வரிவரியாகப் படித்தார். அந்த விரலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்தது.

"அத அப்புறம் படிங்க. போறீங்களா, இருக்கீங்களா? அதச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். "நீ இருன்னு சொன்னா இருக்கேன்."

"இருங்க."

அவர் வாக்கி-டாக்கியைப் போட்டார். "சூப்பர்வைசர் சார், உச்சி பேசறேன். என் தாள அனுப்பாதீங்க."

கரகரப்பு. "அட, இப்பதாம்ப்பா வேன் கிளம்பிச்சு. டிரைவர் சீக்கிரமே வந்துட்டான். போன் பண்ணா எடுக்கல. இனி நம்ம கைல இல்ல."

முப்பது மீட்டர் உயரத்திலிருந்து யார்டு முழுக்கத் தெரிந்தது. கொட்டகைகளைத் தாண்டி, வெள்ளை வேன் வாசலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. கேட் திறந்திருந்தது. அவர் வாக்கி-டாக்கியைத் தாழ்த்தினார். "போயிடுச்சு," என்றார்.

அவள் வாக்கி-டாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பொத்தானை அழுத்தினாள். இருபது வருடம் காத்த பெருமை ஒரு மூச்சில் போயிற்று.

"நிறுத்து. நிறுத்து. நிறுத்து."

யார்டு நின்றது. லாரிகள் நின்றன. வெல்டிங் பொறி அணைந்தது. கையில் துடைப்பத்தோடு ஒருவர் நின்றார். வாசல் கேட் சரசரவென்று மூடிக்கொள்ள, வெள்ளை வேன் அதன் முன் முட்டுவது போல வந்து நின்றது.

"யாரு? என்ன ஆபத்து? எங்க?" சூப்பர்வைசரின் குரல் கீச்சிட்டது.

"சிக்னல் பேசறேன் சார். ஆளுக்கு ஆபத்து இல்ல. வேன்ல ஒரு தாள் தப்பா போகுது. கையெழுத்துப் போட்டவரு என் பக்கத்துலதான் இருக்காரு. இறங்கி வந்து வாங்கிக்குவாரு. அதுவரைக்கும் கேட்டத் தொறக்காதீங்க."

சூப்பர்வைசர் அதற்குச் சொன்னதை அச்சில் போட முடியாது. அவர் கத்தியதில் நியாயமும் இருந்தது. உச்சி இறங்கிப் போய்த் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார், ஆனால் இதற்காக அவளுக்கு மெமோ வந்தது, ஒரு வாரம் சிக்னல் வேலையிலிருந்து விலக்கி, பொருளறையில் போல்ட் எண்ண வைத்தார்கள். எண்ணினாள். காரணம் எழுதும் இடத்தில், "அனுப்ப வேண்டாத பாரம் வெளியே போய்க்கொண்டிருந்தது" என்று எழுதிக் கொடுத்தாள். அதற்குமேல் ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொக்கி ஒரு வாரம் அவளைக் கிண்டிக் கிளறிப் பார்த்துவிட்டு ஓய்ந்தான்.

*

வார விடுமுறை நாளில், காலைச் சாப்பாடு முடிந்த பிறகு, அவர் கூடத்திலிருந்த தலையணையைத் தட்டினார். ஒரு தடவை தட்டினால் போதும், ஐந்து தடவை தட்டினார். பிறகு அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் போல வாய் உலர்ந்திருந்தது. இத்தனை வயதில் இதென்ன கூத்து என்று அவளுக்கே தோன்றியது. தோன்றினாலும் திரையை விலக்கவில்லை.

பயம் இருந்தது. மறுபடி வலித்தால்? அவருக்கு ஆகாமல் போனால்? இனி ஒரு தடவை தப்பினால் இருவரில் யாருக்கும் கேட்கத் துணிவு வராது என்பது இருவருக்கும் தெரியும்.

"அவசரம் இல்ல," என்றார் அவர். துண்டுத்தாளை மனப்பாடமே செய்திருந்தார் போலிருக்கிறது.

அவள் பேச ஆரம்பித்தாள். முட்டியப் பாத்து. கையக் குடுங்க. இங்க. ம். ஜெல் இன்னும் கொஞ்சம். அவசரமே வேண்டாம், இப்படியே இருப்போம். ஏங்க, காதுல முடி வெட்டவே மாட்டீங்களா? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் குசுகுசுத்தாள். அவர் கழுத்தில் முகத்தை வைத்துச் சிரித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் இளகியது. ரொம்ப நேரம் அப்படியே போயிற்று. மெதுவா, என்றாள். இன்னும் மெதுவா.

ஓரிடத்தில் சுருக்கென்றது. பழைய வலி இல்லை, அதன் நிழல்தான். பற்கள் தாமாக ஒன்றையொன்று தேடிப் போயின. அவள் வாயைத் திறந்தாள்.

"நிறுத்துங்க."

அவர் நின்றார். விலகவில்லை, சரியவில்லை, மேற்கூரையைப் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்தார்.

"போயிடாதீங்க," என்றாள்.

"போகல," என்றார். "நிக்கிறேன்."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. சுருக்கென்றது மெல்லத் தணிந்தது. அவர் தோளில் வியர்வை அரும்பியிருந்தது, அதைக் கையால் துடைத்துவிட்டாள். பிறகு மறுபடி பேச ஆரம்பித்தாள்.